இரகசியச் சங்கங்களின் வரலாறு – 11: கடனை வசூலிப்பது யார்?

2024 ஒக்டோபர் இரண்டாவது வாரத்தில், கண்டிக்கு அடுத்துள்ள குண்டசாலையில் ஒரு சுற்றுலா விடுதியைப் பொலிஸார் சுற்றிவளைத்து நூற்றுக்கு மேற்பட்ட சீனர்களைக் கைது செய்தார்கள். இணையவழி நிதி மோசடி என்பது குற்றச்சாட்டு. கணினிகளும் குவியல் குவியலாகக் கைத்தொலைபேசிகளும் கைப்பற்றப்பட்டன. ஹங்வெல்ல, பாணந்துறை முதலிய இடங்களில் அதே நாட்களில் நடந்த சோதனைகளையும் சேர்த்தால், ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் பிடிபட்ட சீனர்கள் 200 பேருக்கு மேல். செய்தி வந்த கையோடு, ‘சீன மாஃபியா கண்டிவரை வந்துவிட்டது’ என்ற பேச்சும் கிளம்பியது. சினிமாவில் கண்ட பச்சை குத்திய உடம்புகளும் இரத்தச் சத்தியங்களும் பலர் மனத்தில் வந்து போயிருக்கும். சீனத்தின் ஃபூஜியன் கரையிலும் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் பிறந்து வளர்ந்த இரகசியச் சங்கங்களை இதுவரை பார்த்து வந்த இத்தொடர், இந்த இடத்தில் கண்டியில் நின்றுகொண்டே ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. இந்தச் சங்கங்களுக்கு வலிமை எங்கிருந்து வந்தது? சீனர்களின் இரத்தத்திலிருந்தும் வரவில்லை, சடங்கிலிருந்தும் வரவில்லை என்பது என் முடிவு. அரசு தன் வேலையைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட இடங்களிலிருந்துதான் அது வந்தது. இதற்கு மறுக்க முடியாத சான்றுகளில் ஒன்று, அப்படியொரு சங்கம் முளைக்காமலே போன கண்டி மலைநாட்டின் வரலாறு.

முதலில் பிறப்புக் கதையை ஒதுக்கிவிடுவோம். மஞ்சு வம்ச அரசு ஷாவ்லின் மடத்தை எரித்தது, தப்பிய ஐந்து துறவிகள் ‘சிங் ஆட்சியை வீழ்த்து, மிங் ஆட்சியை மீட்டெடு’ என்று சபதமெடுத்துச் சங்கம் கண்டார்கள் என்பது சங்கத்தார் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிவந்த கதை. சிங் அரசின் ஆவணக் காப்பகங்கள் திறக்கப்பட்டு, சீன ஆய்வாளர்கள் பழைய விசாரணை வாக்குமூலங்களைப் படித்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. தியன்திஹுய் எனப்படும் வானமும் பூமியும் சங்கம் 1760களின் தொடக்கத்தில் ஃபூஜியன் மாகாணத்தின் ஜாங்பூ வட்டாரத்தில், திஷி என்ற துறவியைச் சுற்றித் தொடங்கியிருக்கிறது. அதில் சேர்ந்தவர்கள் சிறு வியாபாரிகள், சுமை தூக்குபவர்கள், ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பவர்கள். திருமணச் செலவுக்கும் சாவுச் செலவுக்கும் உதவி கிடைக்கும், வழியில் கொள்ளையர் மறித்தால் ஒரு சைகை காட்டித் தப்பலாம் என்பவையே அவர்கள் சொன்ன காரணங்கள். 1787இல் தாய்வானில் லின் ஷுவாங்வென் கலகம் வெடித்த பிறகே அரசு இச்சங்கத்தைப் பெரும்பகையாகக் கண்டது. மிங் ஆட்சியை மீட்கும் முழக்கம் சங்கத்துக்குள் வலுத்ததும் பெரும்பாலும் இந்த அடக்குமுறையின் பின்புதான். சொந்தக் கிராமமும் குலமும் கைவிட்ட மனிதர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொண்ட காப்புறுதி அது. அதன் வேரில் குற்றம் இல்லை. ஆனால் சத்தியத்தால் கட்டுண்ட ஆட்பலம் ஒன்று கைவசம் இருந்தால், அதைப் பயன்படுத்த வருபவர் யார் என்பதே அடுத்த கேள்வியாகிவிடும்.

மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களில் அதைப் பயன்படுத்த வந்தவர்கள் இருவர்: சீன முதலாளி, பிரித்தானிய அரசு. கப்பல் கட்டணம் கொடுக்க வழியில்லாத இளைஞனைக் கடனுக்கு ஏற்றிவந்து பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறக்குவார்கள். அந்தக் கடனை அடைத்து அவனை எடுத்துக்கொள்ளும் முதலாளியிடம், பெரும்பாலும் ஓராண்டு, அவன் உழைத்துக் கழிக்க வேண்டும். சுரங்கத்தில் அரிசியும் அபினும் முதலாளியின் கடையிலேயே கிடைக்கும், விலையும் அவர் வைத்ததே. கூலி கைக்கு வருமுன் கடைக் கணக்கில் கரைந்துவிடும். அவன் ஓடிவிட்டால் பிடிப்பது யார்? பேராக்கின் லாருட் காட்டில் பொலிஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, மலாய்த் தலைவருக்கு வரி வந்தால் போதும். அந்த வெற்றிடத்தில் கீ ஹின், ஹை சான் என்ற சங்கங்களே பொலிஸாகவும் நீதிமன்றமாகவும் நின்றன. ஓடியவனைப் பிடித்துவந்ததும் சங்கம்தான், நோயில் விழுந்தவனுக்குக் கஞ்சி ஊற்றியதும், செத்தவனைப் புதைத்ததும் சங்கம்தான். 1861 முதல் 1874 வரை லாருட்டில் இவ்விரு சங்கங்களும் மோதிய போர்களை முன்பே விரிவாகப் பார்த்தோம். அவற்றின் மூலகாரணம் ஈயச் சுரங்கமும் அதற்கு வரும் நீர்வழியும் அதில் உழைக்கும் ஆட்களும் யார் கையில் இருப்பது என்ற போட்டிதான். 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை முடிந்தபோது, ஹை சான் தலைவர் சுங் கெங் குவீயை ஆங்கிலேயர் தண்டிக்கவில்லை. சீனர்களின் ‘கப்பித்தான்’ ஆக்கி, பிறகு பேராக் மாநில அவையிலும் இடம் கொடுத்தார்கள். அரசுக்கு அவரிடம் வேலை இருந்தது.

அந்த வேலையின் அடிப்படை அபின். பட்னாவிலும் காசியிலும் விளைந்து, கல்கத்தாவில் ஏலம்போன அபினை, நீரிணைக் குடியேற்றங்களில் சமைத்து விற்கும் தனியுரிமையை அரசு ஏலம் விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் சிங்கப்பூர் அரசின் வருவாயில் ஏறத்தாழ பாதி இந்தக் குத்தகையிலிருந்தே வந்தது. குத்தகை எடுத்தவருக்குக் கள்ள அபினைத் தடுக்க ஒற்றர்களும் அடியாட்களும் தேவைப்பட்டார்கள். அவர்களைச் சங்கம் கொடுத்தது. குத்தகை கைமாறிய காலங்களில் தெருச்சண்டை மூண்டதில் வியப்பில்லை. 1867 ஓகஸ்டில் பினாங்கு நகரம் பத்து நாட்கள்போல எரிந்தது இந்தப் பின்னணியில்தான். ஒரு பக்கம் கீ ஹின், மறுபக்கம் துவா பெக் கொங். இதில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டியது, இரு பக்கமும் சீனர்கள் தனியாக நிற்கவில்லை என்பது. மலாய்க்காரரும் தென்னிந்திய முஸ்லிம்களும் அவர்களின் வழிவந்தோரும் சேர்ந்திருந்த வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற இரண்டு சங்கங்கள் இருந்தன. வெள்ளைக் கொடி கீ ஹின்னோடும் சிவப்புக் கொடி துவா பெக் கொங்கோடும் அணிசேர்ந்தன. சீனனும் தமிழ் முஸ்லிமும் ஓரணியில் நின்று, இன்னொரு சீனனையும் இன்னொரு தமிழ் முஸ்லிமையும் வெட்டினார்கள். இனமும் மதமும்தான் இச்சங்கங்களின் உயிர்நாடி என்றால் இப்படி ஓர் அணிசேர்க்கை நடந்திருக்க முடியாது. துவா பெக் கொங் தலைவர் கூ தியன் தெய்க்குக் கொடுத்த மரண தண்டனையைக் கலவரத்துக்கு அஞ்சி அரசே குறைத்தது. பிற்காலத்தில் அபின் குத்தகைக் கூட்டிலும் அவர் பங்காளியாக இருந்தார்.

அதே 1867இல் கண்டியில் என்ன நடந்தது? கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். மலைகளெங்கும் கோப்பி நின்றது. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த கூட்டங்களே அந்தக் கோப்பியைப் பறித்தன. அவர்களும் கடனாளிகளாகத்தான் வந்தார்கள். வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்தவர் கங்காணி. துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார், கங்காணி அதைத் தன் ஆட்களின் தலையில் எழுதுவார். வேலைக்குப் பேர்போட்ட ஒவ்வொரு ஆளுக்கும் பெரிய கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தோட்டத்துக் கடையும் பெரும்பாலும் கங்காணியின் கையில், அரிசியும் துரை கணக்கில் வந்து கூலியில் கழிந்துவிடும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், பழைய துரை எழுதித் தரும் துண்டில் அந்தக் கூட்டத்தின் கடன்தொகை இருக்கும். புதிய துரை அதைக் கட்டினால் கூட்டம் மாறும், கடனும் கூடவே மாறும். கடன் குறைவது அருமை, கூடுவதே வழக்கம். பேரரசு ஒன்று, காலம் ஒன்று, கடனால் கட்டுண்ட புலம்பெயர் உழைப்பும் ஒன்று. லாருட்டின் சுரங்கக் கூலியும் கண்டியின் கோப்பிக் கூலியும் ஒரே வலையின் இரண்டு கண்ணிகளில் சிக்கியிருந்தார்கள்.

அப்படியானால் கண்டியில் ஏன் ஒரு கீ ஹின் தோன்றவில்லை? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, தமிழ்க் கூலி சாதுவானவன், சீனன் கூட்டம் சேர்பவன் என்பது. தோட்டத்துரைமார் தங்கள் வசதிக்காகச் சொன்ன இந்தக் கதையை 1930களின் பிற்பகுதியில் எழுந்த தோட்டத் தொழிற்சங்கங்களே பொய்யாக்கிவிட்டன. குடும்பமாகவும் சாதிக் கூட்டமாகவும் வந்தவர்களுக்குச் சத்தியம் செய்து சகோதரராக வேண்டிய தேவை குறைவு என்ற இன்னொரு விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. தனியாளாக வந்த சீன இளைஞனுக்குச் சங்கம் தந்த உறவை, இங்கே கங்காணியின் சொந்தபந்தமே தந்தது. ஆனால் பெரிய காரணம், கடனை வசூலிக்கும் கை யாருடையது என்பதில் இருக்கிறது. கண்டியில் நிலமும் முதலும் வெள்ளைத் துரையுடையவை, நீதிமன்றமும் அவர் பக்கம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டுப்போன தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்ப இடம் கொடுத்தது. லாருட்டில் சங்கத்தின் அரிவாள் செய்த வேலையை, கண்டியில் பொலிஸ் நீதிவானின் பேனா செய்தது. அரசே அடியாளாக நிற்கும்போது தனியாக ஓர் அடியாள் படை வைத்துக்கொள்ளச் செலவு செய்பவர் யார்? கங்காணி முறையைக் குற்றக் கும்பல் என்று நான் சொல்லவில்லை. கடன் என்ற இயந்திரம் ஒன்றுதான், அதைச் சுழற்றிய கைகளே வேறு என்கிறேன். 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்த பிறகு அந்த இயந்திரம் இங்கே தளர்ந்தது என்பதும் இதையே காட்டுகிறது.

பண்பாடே காரணம் என்பவர்களுக்கு இலங்கைச் சீனர்களே இன்னொரு பதில். ஹூபெய், ஷான்டொங் மாகாணங்களிலிருந்து வந்து, துணி மூட்டையைச் சுமந்து வீடுவீடாக விற்றும், பல் கட்டியும், உணவகம் நடத்தியும் வாழ்ந்த ஒரு சிறு சமூகம் நம் நகரங்களில் உண்டு. மலையகத் தமிழரைப் போலவே அவர்களும் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அவர்களில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை கிடைத்தது. எந்தப் பாதுகாப்பும் இல்லாத இந்தச் சீனர்களிடையே பினாங்கில் கண்டது போன்ற ஒரு சங்க ஆட்சி எழவில்லை. எண்ணிக்கை மிகச் சிறியது, சில நூறு பேரை வைத்துச் சங்கம் எப்படி நடக்கும் என்று கேட்பது நியாயமே. அதனால் இதை முடிந்த முடிவாகக் காட்டமாட்டேன். ஆயினும் வசூலிக்கக் கடனும் காவல்காக்கக் குத்தகையும் இல்லாத இடத்தில், சீனராயிருப்பது மட்டும் ஒரு சங்கத்தை உண்டாக்கிவிடாது என்பதற்கு இது போதும்.

இந்த வாதத்தைத் திருப்பிப் போட்டும் சோதிக்கலாம். அரசு விட்டுக்கொடுத்த வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டால் சங்கம் மெலிய வேண்டும் அல்லவா? 1877இல் சிங்கப்பூரில் சீனர் பாதுகாப்பாளர் என்ற பதவி உண்டாக்கப்பட்டு, சீன மொழிகள் தெரிந்த வில்லியம் பிக்கரிங் அதில் அமர்ந்தார். கப்பலில் வந்திறங்கும் கூலியின் ஒப்பந்தத்தை அவருடைய அலுவலகம் பதிவு செய்தது, தகராறுகளைக் கேட்டது. சங்கத் தலைவர் முன் போக வேண்டியிருந்தவன் அரசு மேசை முன் போகலானான். 1887இல் அந்த அலுவலகத்திலேயே அவர் கோடரியால் தாக்கப்பட்டுக் காயமடைந்தார் என்றால், அது யாருடைய பிழைப்பில் கைவைத்தது என்று புரியும். 1890இல் இரகசியச் சங்கங்கள் தடைசெய்யப்பட்டபோது பெரிய சங்கங்கள் கலைந்தன. தடைக்குப் பின்பும் சிறு கும்பல்கள் தெருக்களில் இருந்தனவே என்று கேட்கலாம். இருந்தன. ஆனால் அவை கப்பம் வாங்கும் ரவுடிக் கூட்டங்கள், ஒரு மாநிலத்தின் உழைப்பையும் வரியையும் ஆண்ட அமைப்புகள் அல்ல. ஹொங்கொங்கும் இதே பாடம்தான். பொலிஸ் அதிகாரிகளே மாமூல் வாங்கிச் சூதாட்ட விடுதிகளையும் போதைக் கூடங்களையும் காத்த 1960களில் ட்ரையட் எனப்படும் சீன இரகசியச் சங்கக் கும்பல்கள் கொழுத்தன. 1974இல் ஊழலுக்கெதிரான சுயாதீன ஆணைக்குழு வந்து அந்தப் பிணைப்பை அறுத்த பின் அவற்றின் கை இறங்கியது. எதிர்ப்புறச் சான்று ஷங்காய். பிரெஞ்சுப் பகுதியின் பொலிஸ் தலைமைத் துப்பறிவாளர்களுள் ஒருவரான ஹுவாங் ஜின்ரொங்கே அங்கே கும்பல் தலைவர். அபின் பணத்தால் வளர்ந்த டூ யூஷெங்கின் பச்சைக் கும்பல் 1927 ஏப்ரலில் சியாங் கை ஷெக்குக்காகத் தொழிற்சங்கத்தாரையும் கம்யூனிஸ்டுகளையும் வேட்டையாடியது. குற்றத்தை அடக்கும் பொறுப்பையே குற்றவாளிக்குக் குத்தகைக்கு விட்டதன் உச்சம் அது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இன்றைய குத்தகையின் பெயர் சிறப்புப் பொருளாதார வலயம். லாவோஸ் அரசு 2007இல் மீகொங் கரையில் ஒரு நிலப்பரப்பை ஜாவ் வேய் என்ற சீனச் சூதாட்ட முதலாளிக்கு 99 ஆண்டுகளுக்கு விட்டது. 2018இல் அமெரிக்கா அவர் மீது போதைப்பொருள், ஆட்கடத்தல் குற்றச்சாட்டுகளோடு தடை விதித்தது. மியன்மாரின் தாய்லாந்து எல்லையில், மியாவடியைச் சுற்றி, ஆயுதக் குழுக்களின் காவலில் மோசடி நகரங்களே எழுந்தன. 2023 ஓகஸ்டில் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மியன்மாரில் 1,20,000 பேரும் கம்போடியாவில் 1,00,000 பேரும் இத்தகைய வளாகங்களில் வற்புறுத்தி வேலை வாங்கப்பட்டிருக்கலாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் அங்கே சிக்கியவர்களில் இலங்கை இளைஞர்களும் உண்டு. கடவுச்சீட்டைப் பறித்துவிடுவார்கள். கொண்டுவந்த செலவு, சாப்பாடு, தங்குமிடம், தவறுக்கு அபராதம் எல்லாம் கடன் கணக்கில் ஏறும். விடுதலை கேட்டால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். ஒரு வளாகம் ஆளை இன்னொன்றுக்கு விற்கும்போது கடனும் கூடவே போகும். மலையகத்தில் பிறந்தவர் இதைப் படித்தால், பாட்டனார் கால துண்டு நினைவுக்கு வராமல் போகாது. பழைய சங்கப் பெயர்களும் அங்கே தலைகாட்டுகின்றன. மக்காவ் 14கே கும்பலின் முன்னாள் தலைவர் வான் குவொக் கொய் சிறையிலிருந்து வெளிவந்த பின், கம்போடியாவில் ‘உலக ஹொங்மென்’ என்ற பண்பாட்டுச் சங்கம் தொடங்கினார். அதன் மீதும் 2020இல் அமெரிக்கத் தடை வந்தது. ஆனால் இரத்தச் சத்தியம் செய்த வேலையை இன்று பெரும்பாலும் பிணைப்பணம் செய்கிறது. முகம் தெரியாத இரு மோசடிக்காரருக்கு இடையே பணத்தைப் பிடித்துவைத்துக் கைமாற்றும் டெலிகிராம் சந்தைகள் நடந்தன. அவற்றில் பெரியதான ஹுவோனேயின் கணக்குகளை 2025 மே மாதம் டெலிகிராம் நிறுவனம் முடக்கியது.

இந்தப் பின்னணியில் குண்டசாலையை எப்படி வாசிப்பது? அங்கே பிடிபட்டவர்களை ட்ரையட் உறுப்பினர்கள் என்று சொல்ல எந்தச் சான்றும் பொதுவெளியில் இல்லை, சொல்லவும் கூடாது. அவர்களில் யார் விரும்பி வந்தவர், யார் கடனால் கட்டுண்டு வந்தவர் என்பது விசாரணை சொல்ல வேண்டிய விடயம். இது சீனருக்கு மட்டும் உரிய குற்றமும் அல்ல. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் நீர்கொழும்பு, மாதிவெல, பத்தரமுல்லை பகுதிகளில் இதே வகைக் குற்றச்சாட்டில் 60 இந்தியர்கள் பிடிபட்டார்கள். இத்தகைய மோசடிகளில் பணத்தை இழப்பவர்களில் சீனக் குடும்பங்களும் ஏராளம். அதனால்தான் சீன அரசே இவற்றைத் துரத்துகிறது. ஒக்டோபர்க் கைதுகளின் பின், இலங்கைப் பொலிஸாரோடு தாங்கள் ஒத்துழைப்பதாகச் சீனத் தூதரகமும் அறிக்கை விட்டது. எல்லாம் பெய்ஜிங்கின் விரிவாக்கத் திட்டம் என்ற எளிய விளக்கம் இங்கே தடுக்கி விழுகிறது. மியன்மார் எல்லையில் நெருக்கடி கூடியது, 2024 ஜூலையில் பிலிப்பைன்ஸ் வெளிநாட்டு இணையச் சூதாட்ட நிறுவனங்களைத் தடைசெய்தது. அடைக்கப்பட்ட இடத்திலிருந்து இந்தத் தொழில் சிதறிப் புதிய இடம் தேடுகிறது. பொருளாதாரம் முறிந்து, எந்தச் சுற்றுலாப் பயணியும் வந்தால் போதும் என்றிருந்த இலங்கை அதன் கண்ணில் படாமல் இருக்குமா?

ஆகவே குண்டசாலையில் கேட்க வேண்டிய கேள்வி, வந்தவர்கள் எந்தச் சங்கத்தார் என்பதல்ல. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கூட்டமாக ஒரு விடுதியில் தங்கிக் கணினிகளோடு வேலை செய்தபோது, அந்த இடத்தைப் பேசிக் கொடுத்தவர் யார், விசாவுக்கும் நீடிப்புக்கும் பொறுப்பேற்றவர் யார், அத்தனை தொலைபேசி இணைப்புகளைக் கொடுத்தவர் யார், பணத்தை நாட்டுக்குள்ளும் வெளியிலும் நகர்த்தியவர் யார் என்பதே. பினாங்கில் கீ ஹின்னை வளர்த்தவர்களில் அபின் ஏலக்காரரும் அவரிடம் வருவாய் வாங்கிய அரசும் இருந்ததுபோல, இங்கேயும் இடைத்தரகர் இல்லாமல் எதுவும் நடக்காது. சோதனையில் பிடிபட்டவர்களை நாடு கடத்திவிட்டால் பொலிஸ் கணக்கு முடிந்துவிடும். இடைத்தரகர் இருந்த இடத்திலேயே இருந்தால் அடுத்த கூட்டம் வரும், அது எந்த நாட்டுக் கூட்டமாகவும் இருக்கலாம். 2021இல் தனிச்சட்டம் பெற்ற கொழும்புத் துறைமுக நகரம் போன்ற வலயங்களைப் பற்றிய விவாதத்திலும் இந்த அளவுகோலே பொருந்தும். அங்கே இப்படிப்பட்ட குற்றம் நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. வரி விலக்கு கொடுப்பது வேறு, கண்காணிப்பை விட்டுக்கொடுப்பது வேறு என்பதை லாவோசும் மியன்மாரும் பெரும் விலை கொடுத்துக் கற்றன. அரசின் அதிகாரத்தில் எதைக் குத்தகைக்கு விடலாம், எதை ஒருபோதும் விடக்கூடாது என்று தெளிவாக வரையறுத்து அதைக் காக்கும் நாட்டில், எந்தக் கும்பலும் சங்கமாக வளர முடியாது.

அந்த வரையறை அழிந்துபோன ஒரு நகரத்தில் கும்பல் தலைவர் ஒருவர் வங்கி முதலாளியாகவும் தர்மவானாகவும் எப்படி மாறினார் என்பதை, டூ யூஷெங்கின் ஷங்காய்க்குள் நுழைந்து அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)